உப்பு ஏறிய வீடு: கஜாவுக்குப் பின் ஊழியர் இல்லத்தைச் சீர்செய்யும் வேலைக்குறிப்பு

2018 நவம்பர் 16 விடியுமுன் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறியது. பறந்த ஓடும் சாய்ந்த தென்னையும் எல்லோர் கண்ணிலும் பட்டன. வெள்ளப்பள்ளம் போலக் கடல் சேறு ஏறிய ஊர்களில் கண்ணில் படாத சேதமும் இருந்தது. கிணற்றில், சுவரில், மின்பெட்டியில், பதிவேட்டுத் தாள்களுக்கு நடுவில் என்று எங்கும் உப்பு தங்கிவிட்டது. வெள்ளம் வடிந்ததும் வேலை பாதி முடிந்ததாக நினைத்தவர்கள் மூன்று மாதம் கழித்து அதே வேலையைத் திரும்பச் செய்தார்கள். அதனால் இந்தக் குறிப்பில் வேலைகளின் வரிசை உப்பை வைத்தே போடப்பட்டிருக்கிறது.

மிஷனெரி குடும்பம் குடியிருக்கும் வீட்டுக்கென்று சில தனிக் கவனங்கள் உண்டு. அந்த வீட்டுக் கிணற்றில் தெருவே தண்ணீர் எடுக்கும். சபையின் ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவேடுகள் அந்த வீட்டு அலமாரியில்தான் இருக்கும். புயலுக்கு மறுநாளே திண்ணை நிவாரணக் கிடங்காகிவிடும். குடும்பமோ பல சமயம் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்தோ வேறு உள்மாவட்டத்திலிருந்தோ வந்திருக்கும். கடல் உப்பின் குணம் அவர்களுக்குப் புதிது.

கணக்குக்கு இங்கே எடுத்துக்கொண்டது அந்தக் கரையில் வழக்கமான அமைப்பு: 30 அடிக்கு 20 அடி மங்களூர் ஓட்டு வீடு, முன்னால் திண்ணை, கொல்லையில் 5 அடி விட்டமுள்ள உறைக்கிணறு.

முதல் நாள்

மெயின் சுவிட்சை அணைத்து, ஃபியூஸ் கேரியரைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொள்ள வேண்டும். ஊரிலேயே கரண்ட் இல்லையே என்று இதை விட்டுவிடக் கூடாது. எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. ஓட்டு ஆணி, தகர விளிம்பு, சேற்றுக்குள் புதைந்த கண்ணாடி எல்லாம் காலைக் கிழிக்கும். பிள்ளைகள் உட்பட எல்லோருக்கும் செருப்பு போதாது, ஷூ வேண்டும். டெட்டனஸ் ஊசி போட்டு ஐந்து வருடம் தாண்டியவர்கள் அழுக்கான காயம் பட்டால் உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

அடுத்தது சேறு. ஈரமாக இருக்கும்போதே வழிக்க வேண்டும். காய்ந்தால் ஓடு போல இறுகும். பெருக்கினால் உப்புத் தூசியாகப் பறந்து மறுபடி சுவரில் ஒட்டும். மண்வெட்டியால் வழித்து, தகரத் துண்டால் சுரண்டி, பிறகு நல்ல தண்ணீரால் இரண்டு முறை அலச வேண்டும். வழித்த சேற்றைக் கிணற்றடியிலும் வாழைக்குழியிலும் கொட்டாதீர்கள். மழை பெய்ததும் அதில் உள்ள உப்பு நேராகக் கிணற்றுக்குத்தான் போகும்.

பதிவேடுகளைக் காப்பாற்றும் வேலையும் முதல் நாளிலேயே தொடங்க வேண்டும். பலர் இதைக் கடைசியில் வைக்கிறார்கள். ஓடு ஒரு வாரம் காத்திருக்கும். நனைந்த தாளில் 48 மணி நேரத்தில் பூஞ்சை பிடித்துவிடும்.

பதிவேடுகள்

எதை முதலில் எடுப்பது? 1872ஆம் ஆண்டு இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டப்படி திருமணப் பதிவின் நகல் பதிவுத்துறைக்குப் போகிறது. ஞானஸ்நான, அடக்கப் பதிவேடுகளுக்கு அப்படி நகல் பெரும்பாலும் கிடையாது. பழைய தலைமுறைக்குப் பிறந்த தேதிக்கு இருக்கும் ஒரே எழுத்துச் சான்று பல சமயம் ஞானஸ்நானப் பதிவேடுதான். ஆகவே முதலில் அது, அடுத்து அடக்கப் பதிவேடு, பிறகு திருமணப் பதிவேடு.

செய்யக் கூடாதவை மூன்று. வெயிலில் விரித்து வைக்கக் கூடாது. தாள் சுருளும், அட்டை பிளக்கும். ஒட்டிய தாள்களைப் பிரிக்கக் கூடாது; எழுத்து எதிர்த்தாளோடு உரிந்து போகும். இஸ்திரி போடக் கூடாது.

கடல்நீரில் நனைந்ததைக் கழுவாமல் காயவைத்தாலும் பயனில்லை. தாளில் தங்கிய உப்பு காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். ஆறு மாதம் கழித்தும் பக்கம் பிசுபிசுக்கும், பூஞ்சை திரும்பி வரும். ஆனால் கழுவுவதற்கு முன் மையைச் சோதிக்க வேண்டும். நனைத்துப் பிழிந்த பஞ்சை ஒரு முற்றுப்புள்ளியின் மேல் பத்து விநாடி அழுத்திப் பாருங்கள். பஞ்சில் நிறம் ஏறினால் அந்தப் பதிவேட்டைக் கழுவ வேண்டாம். பால்பாயிண்ட் எழுத்து பெரும்பாலும் நிற்கும். நீல ஃபவுண்டன் பேனா மை ஓடிவிடும். பழைய இரும்பு மை, அதாவது எழுதும்போது வெளிறியும் நாளாக ஆகக் கறுத்தும் போகும் மை, ஓரளவு தாங்கும்.

கழுவும் முறை: மூன்று டப்புகளில் மழைநீர். பதிவேட்டை மூடியபடியே, முதுகை ஒரு கையால் இறுகப் பிடித்து, ஒவ்வொரு டப்பிலும் மெதுவாக மூழ்கவிட்டு எடுக்க வேண்டும். தேய்க்கக் கூடாது, சேறு விளிம்பில் இருந்தால் பஞ்சால் ஒற்றி எடுக்கலாம். முதல் டப்பின் நீரை ஒவ்வொரு பதிவேட்டுக்கும் மாற்ற வேண்டும்.

ஒரே நாளில் உலர்த்த முடிவது இரண்டு மூன்று பதிவேடுதான். மீதியை உறையவைத்துக் காத்திருக்கச் செய்யலாம். குளிர்ப்பெட்டிக்குக் கரண்ட் இல்லாத நிலையில் மீன் ஏற்றும் தெர்மோகோல் பெட்டி அருமையாக உதவும். உடைத்த ஐஸ் 3 கிலோவுக்கு உப்பு 1 கிலோ கலந்தால் வெப்பம் பூஜ்யத்துக்குக் கீழே நன்றாக இறங்கும். வேதாரண்யத்தில் உப்புக்குப் பஞ்சமில்லை. பதிவேட்டை இரண்டு பாலிதீன் உறைக்குள் காற்றை வெளியேற்றிக் கட்டி, ஐஸ் நடுவில் வைத்து மூடி, மேலே சாக்குப் போட வேண்டும். உறையில் ஓட்டை இருந்தால் கழுவிய உழைப்பு வீண், உப்புநீர் மறுபடி உள்ளே போகும். உப்புக் கலவை உருக உருக மாற்ற வேண்டும். வெறும் ஐஸ் மட்டும் கிடைத்தால் பூஞ்சை நிற்காது, தாமதமாகும்; சில நாள் அவகாசம் கிடைக்கும்.

உலர்த்துவது நிழலில், காற்றோட்டத்தில். பத்துத் தாளுக்கு ஒன்றாக அச்சடிக்காத வெள்ளைத் தாளைச் செருகுங்கள். அச்சகங்களில் உருளையின் மிச்சமாகக் கிடைக்கும்; இல்லையென்றால் வெளுத்த பழைய வேட்டியைக் கிழித்து வைக்கலாம். நாளிதழ் வைத்தால் அதன் மை பதிவேட்டில் படியும். செருகும் தாளின் மொத்தக் கனம் பதிவேட்டின் கனத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால் முதுகுத் தையல் விட்டுவிடும். முதல் நாள் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். முக்கால் உலர்ந்ததும் ஒவ்வொரு பக்கத்தையும் கைபேசியில் படம் எடுத்து, இரண்டு வேறு இடங்களில் சேமித்துவிடுங்கள்.

கிணறு

மழை நின்றதும் தெருவே குடத்தோடு வந்து நிற்கும் இடம் இது. இங்கே அவசரப்பட்டு மோட்டார் போட்டு இறைத்துத் தள்ளுவதுதான் பெரிய தவறு.

கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. குடிநீரில் கரைந்த திடப்பொருள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும். வேறு நீர் இல்லாவிட்டால் 2000 வரை என்கிறது இந்தியத் தர நிர்ணயம். 5 அடி விட்டக் கிணற்றில் 6 அடி நீர் என்றால் ஏறக்குறைய 3300 லிட்டர். அதில் 15 லிட்டர் குடத்தால் பன்னிரண்டு பதின்மூன்று குடம் கடல்நீர் விழுந்தாலே 2000 தாண்டிவிடும். அலை ஒருமுறை கைப்பிடிச் சுவரைத் தாண்டினால் விழுவது அதைவிட எத்தனையோ மடங்கு. கரைந்த திடப்பொருளை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் ஒன்று வாங்கி வைத்துக்கொண்டு, தினமும் ஒரே நேரத்தில், கயிற்றில் கட்டிய பாட்டிலால் மேல்நீரிலும் அடிநீரிலும் எடுத்து அளந்து எழுதுங்கள். நாக்கை நம்ப வேண்டாம். நான்கு நாளில் நாக்கு பழகிவிடும்.

கடலோர மணலுக்கு அடியில் நல்ல நீர், கனமான உப்புநீரின் மேல் மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேலே ஒரு அடி நல்ல நீர் நின்றால் கீழே சுமார் நாற்பது அடி வரை நல்ல நீர் இருக்கும் என்பது கைபன், ஹெர்ட்ஸ்பெர்க் இருவரின் பெயரால் வழங்கும் கணக்கு. அதைத் திருப்பிப் பாருங்கள்: கிணற்று மட்டத்தை இறைத்து இறக்கினால் அடியிலிருந்து உப்புநீர் கூம்பாக மேலே ஏறும். 2004 சுனாமிக்குப் பின் மட்டக்களப்புக் கரையில் கிணறுகளைத் திரும்பத் திரும்ப இறைத்துச் சுத்தம் செய்தும் உப்பு எதிர்பார்த்தபடி குறையவில்லை. அங்கே கிணறுகளைத் தேற்றியது பருவமழைதான். இன்னொரு ஆபத்தும் உண்டு. சுற்றிலும் மணல் நீர் குடித்து நிற்கும்போது கிணற்றை வெறுமையாக்கினால் வெளி அழுத்தத்தில் உறை நகரும், அடியில் மணல் பொங்கும்.

செய்ய வேண்டியது இவ்வளவே. மிதக்கும் குப்பையை அரிக்கவும். முதல் ஓரிரு நாளில், கனமான உப்புநீர் இன்னும் அடியில் தங்கியிருக்கும்போது, அரை குதிரைத்திறன் மோட்டாரின் ஃபுட் வால்வை, அதாவது உறிஞ்சு குழாயின் அடி வாயை, அடிச்சேற்றுக்குச் சற்று மேலே நிறுத்தி மெதுவாக எடுக்கவும். மட்டம் ஒரு அடி இறங்கியதும் நிறுத்தி, ஊறவிட்டு மீண்டும் எடுக்கலாம். எடுத்த நீரைக் கிணற்றுக்கு எட்டாத தாழ்வான வாய்க்காலில் விட வேண்டும். மீட்டரில் எண் குறைவது நின்றால் இறைப்பதையும் நிறுத்திவிடுங்கள். அதற்குமேல் மழையின் வேலை. கஜா வடகிழக்குப் பருவமழையின் நடுவில் வந்தது இந்த ஒரு விஷயத்தில் உதவி.

குளோரின் உப்பை எடுக்காது, கிருமியைத்தான் கொல்லும். இரண்டையும் குழப்பிக்கொண்டு, கரிப்பு போகவில்லையே என்று பிளீச்சிங் பவுடரைக் கூட்டிக்கொண்டே போகிறவர்கள் உண்டு. 3300 லிட்டர் நீரில் லிட்டருக்கு 50 மில்லிகிராம் குளோரின் வேண்டுமென்றால் 30 சதவீதப் பவுடரில் 550 கிராம் தேவை. மூட்டை பிரித்து நாளாகியிருந்தால் வீரியம் 25 சதவீதத்துக்கு இறங்கியிருக்கும். அப்போது 660 கிராம். வாளிக்கு 100 கிராமுக்கு மேல் வேண்டாம். முதலில் கூழாகக் குழைத்து, முக்கால் வாளி நீர் ஊற்றிக் கலக்கி, பத்து நிமிடம் தெளியவிட்டு, தெளிந்த நீரை மட்டும் வேறு வாளியில் இறுத்துக் கிணற்றுக்குள் இறக்கி, மேலும் கீழுமாக ஆட்ட வேண்டும். அடியில் தங்கும் சுண்ணாம்பு கிணற்றுக்குள் போனால் நீரின் கடினம் கூடும். ஒரு நாள் விட்டு, வாசனை மெல்ல அடங்கும் வரை அளவாக எடுத்து வெளியே விடுங்கள். பிறகு அன்றாட அளவு ஆயிரம் லிட்டருக்கு 2.5 கிராம் பவுடர். ஒரு மணி நேரம் கழித்து, நீரில் மிஞ்சிய குளோரினைக் காட்டும் குளோரோஸ்கோப்பில் லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் காட்ட வேண்டும்.

அதுவரை குடிக்க? 30க்கு 20 கூரையில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் 550 லிட்டருக்கு மேல் விழும். சிந்தியது போக 450 கிடைக்கும். ஓட்டில் உப்பு படிந்திருப்பதால் முதல் அரை மணி நேர மழையை விட்டுவிட வேண்டும். பிடித்த நீரைத் துணியில் வடிகட்டிக் கொதிக்கவைத்து, அல்லது 20 லிட்டருக்கு அரை கிராம் குளோரின் மாத்திரை ஒன்று போட்டு அரை மணி நேரம் கழித்துக் குடிக்கலாம்.

ஒரு எச்சரிக்கை. வயிற்றுப்போக்குக்கு வீட்டில் உப்பு சர்க்கரைக் கரைசல் கலக்கும்போது கிணற்று நீரை எடுக்கவே கூடாது. ஒரு லிட்டருக்கு அரை டீஸ்பூன் உப்பு, ஆறு டீஸ்பூன் சர்க்கரை என்ற அளவு நல்ல நீருக்கானது. 2000 காட்டும் நீரில் ஏற்கெனவே லிட்டருக்கு இரண்டு கிராம் உப்பு இருக்கிறது. கைக்குழந்தைக்கு அது ஆபத்து. ஓஆர்எஸ் பாக்கெட்டும் அப்படியே: மழைநீரிலோ லாரி நீரிலோ மட்டும். பால்பவுடர் கலக்கவும் இதே விதி. இதற்கென்று எடுத்து வைத்த நல்ல நீர்க் குடத்துக்கு மட்டும் வேறு வண்ணத் துணி கட்டி வைத்தால் கூட்டத்தில் மாறாது.

ஓடு

முதல் வாரம் தார்ப்பாய்தான். 200 ஜிஎஸ்எம்முக்கு (சதுர மீட்டருக்கு 200 கிராம் எடை) குறையாத தார்ப்பாயை முகட்டைத் தாண்டி மறுபக்கம் மூன்று அடி இறங்கும்படி போட வேண்டும். தார்ப்பாய்மேல் நேரடியாக ஆணி அடித்தால் முதல் காற்றிலேயே அந்த இடத்தில் கிழியும். விளிம்பை ஒரு ரீப்பரில், அதாவது ஓடு தாங்கும் மெல்லிய மரச் சட்டத்தில், இரண்டு சுற்று சுருட்டி, ரீப்பரோடு சேர்த்து ஆணி அடிக்க வேண்டும்.

நிரந்தர வேலைக்குக் கணக்கு: சதுர மீட்டருக்கு 15 ஓடு. சரிவும் இறவாரமும் சேர்த்துக் கூரை 70 சதுர மீட்டர் வந்தால் 1050, உடைசலுக்கு நூறு கூட்டிக்கொள்ளலாம். பழைய ஓட்டையும் புது ஓட்டையும் ஒரே வரிசையில் கலக்காதீர்கள். வெவ்வேறு சூளை ஓடுகளின் பள்ளமும் மேடும் ஒன்றில் ஒன்று உட்காராது, அந்த இடுக்கில்தான் ஒழுகும். பழையதைப் பின்சரிவுக்கு ஒதுக்கி, முன்சரிவைப் புதிதாகப் போடலாம். ரீப்பர் இடைவெளியைக் கையில் இருக்கும் ஓட்டை வைத்தே அளந்து அடியுங்கள்.

ஓடு பறப்பது காற்று மேலே தள்ளி அல்ல, உறிஞ்சித் தூக்கி. உறிஞ்சல் அதிகம் இருப்பது இறவாரம், முகட்டை ஒட்டிய பகுதி, பக்கச் சுவர் விளிம்பு, மூலைகள். இறவாரத்தில் இரண்டு வரிசை, முகட்டின் கீழே இரண்டு வரிசை, பக்க விளிம்புகளில் இரண்டு நிரை: இவற்றில் ஒவ்வொரு ஓட்டையும் அதன் காதுத் துளை வழியே ரீப்பரோடு கம்பியால் கட்ட வேண்டும். நடுவில் மூன்றுக்கு ஒன்று போதும். கம்பி கால்வனைஸ் செய்த 16 கேஜ். கான்கிரீட் வேலைக்குப் பயன்படும் கறுப்புக் கட்டுக்கம்பி கடற்காற்றில் ஓரிரு வருடத்தில் பொடியாகிவிடும். கட்டியிருக்கிறோம் என்ற நிம்மதி மட்டும் மிஞ்சும்.

விழுந்த தென்னையை அறுத்துக் கைமரம் போடும் ஆசை எல்லோருக்கும் வந்தது. பச்சைத் தென்னை காயக் காய முறுக்கும், பூச்சி ஏறும். முற்றிய மரத்தின் அடிப்பகுதியில் வெளிவட்டம் மட்டுமே தேறும், அதையும் மாதக்கணக்கில் உலர்த்த வேண்டும். வைரம் பாய்ந்த பனங்கை கிடைத்தால் அதற்கு ஈடு இல்லை. தென்னந்தடிகளை வீட்டருகே அழுகவும் விடாதீர்கள். காண்டாமிருக வண்டு அதில்தான் பெருகி, நிற்கிற மரங்களைத் தாக்கும்.

மின்சாரம்

கடல்நீரில் மூழ்கிய எம்சிபி, ஆர்சிசிபி (மின்பெட்டியில் தானாக அணையும் பாதுகாப்பு சுவிட்சுகள்), சாதாரண சுவிட்ச், பிளக் எதையும் உலர்த்திப் பயன்படுத்தக் கூடாது. வெளியே காய்ந்தாலும் உள்ளே உப்புப் படலம் இருக்கும். மழைநாளில் அது ஈரம் வாங்கிக் கசியும். எல்லாம் புதிது. குழாய்க்குள் இருக்கும் ஒயரை நல்ல நீர் விட்டு அலசி உலரவிட்டு, எலக்ட்ரீஷியனைக் கொண்டு, ஒயரின் மின்காப்பை அளக்கும் 500 வோல்ட் மெகரில் சோதிக்க வேண்டும். 1 மெகாஓம்முக்குக் கீழே காட்டும் சர்க்யூட்டின் ஒயரை உருவி மாற்றுவது தவிர வழியில்லை. சீலிங் ஃபேன் தப்பியிருக்கும். மிக்ஸி, கிரைண்டர் மோட்டார்களை அன்றே நல்ல நீரில் அலசி, நான்கைந்து நாள் வெயில் காட்டி, அதே மெகர் சோதனைக்குப் பிறகே ஓட்டலாம்.

ஜெனரேட்டர் வந்தால், வெளிக் கம்பியைத் துண்டித்து ஜெனரேட்டருக்கு மாற்றும் சேஞ்ச்ஓவர் சுவிட்ச் இல்லாமல் வீட்டு ஒயரிங்கில் சேர்க்கவே கூடாது. பிளக் வழியாகக் கொடுத்தால் கரண்ட் வெளிக் கம்பிக்கு ஏறி, கம்பத்தில் வேலை செய்யும் மின்வாரிய ஊழியரைக் கொல்லும். திண்ணையிலோ சமையலறையிலோ வைத்து ஓட்டவும் கூடாது. புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை இல்லை. ஜன்னலிலிருந்து இருபது அடி தள்ளி, காற்றுப் போக்கில்.

குடியிருப்பும் கிடங்கும்

வீடு முழுவதையும் நிவாரணத்துக்குத் திறந்துவிட வேண்டும் என்று தோன்றும். அப்படிச் செய்த வீடுகளில் இரண்டாவது வாரம் பிள்ளைகளுக்குக் காய்ச்சல், தாய்க்குத் தூக்கமில்லை, மூட்டை நனைந்து அரிசி கெட்டுப்போனது. உள் அறை ஒன்றை முதலில் உலர்த்தி, கொசுவலை கட்டி, குடும்பத்துக்கு மட்டும் வைப்பது தன்னலம் ஆகாது. வேலை மாதக்கணக்கில் ஓட வேண்டும்.

மூட்டைகளைத் தரையிலிருந்து அரை அடி உயரத்தில், சுவரிலிருந்து ஒரு அடி தள்ளி அடுக்க வேண்டும். வரவு செலவுக்கு ஒரே நோட்டு, இரண்டு கையெழுத்து. ஒன்று சபைக்கு வெளியே உள்ளவருடையதாக இருந்தால் ஊரில் பேச்சு எழாது. நூறு பேருக்குக் கஞ்சி என்றால் ஐந்தாறு கிலோ அரிசி, சாப்பாடு என்றால் பத்துப் பன்னிரண்டு. கரிக்கும் நீரில் பருப்பு வேகாது. அதற்கு மட்டுமாவது மழைநீர் எடுத்து வையுங்கள். கேஸ் சிலிண்டர் நனைந்திருந்தால் ரெகுலேட்டரும் டியூபும் புதிது போட்டு, சோப்பு நுரை தடவிப் பார்த்த பிறகே பற்றவைக்க வேண்டும்.

ஆர்மோனியம் நனைந்திருந்தால் கட்டையை அழுத்திப் பார்க்காதீர்கள். ஊறிய மரம் பிளக்கும். மூடியைக் கழற்றி நிழலில் பத்து நாள். பித்தளை ரீடுகளை ஒவ்வொன்றாக எடுத்து, எந்தச் சுரம் என்று தாளில் ஒட்டி வைத்து, பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரில் அலசி, மென்மையான பிரஷால் அடியிலிருந்து நுனி நோக்கித் தடவ வேண்டும். பச்சைக் களிம்பைச் சுரண்டினால் உலோகம் குறைந்து சுருதி மாறிவிடும்.

சுவர்

கடைசி வேலை இதுதான், தள்ளிப்போடுவதே சரியும் கூட. கிறிஸ்துமஸுக்குள் பெயின்ட் அடித்துவிட வேண்டும் என்று அவசரப்பட்ட சுவர்கள் கோடையில் பொருக்குப் பொருக்காக உதிர்ந்தன. ஈரம் வெளியேறும்போது உப்பு மேற்பரப்பில் படிகமாகி, பூச்சைத் தள்ளுகிறது. சிமென்ட் பூசி அடைத்தால் ஈரம் இன்னும் மேலே ஏறி அங்கே வெடிக்கும்.

வெள்ளம் நின்ற கோட்டுக்கு ஒரு அடி மேல்வரை தளர்ந்த பூச்சைக் கொத்தி எடுத்து, செங்கல்லைத் திறந்தே விடுங்கள். வெள்ளைப் பொருக்கு வந்தால் நீர் ஊற்றாமல் காய்ந்த பிரஷால் துடைத்து, முறத்தில் பிடித்து வெளியே கொட்ட வேண்டும். அடிச்சுவரில் உப்பு அதிகம் இருந்தால், ஊறவைத்து அரைத்த காகிதக் கூழை அரை அங்குலக் கனத்தில் அப்பி, முழுக்கக் காய்ந்ததும் உரித்து எறியலாம். கூழோடு உப்பும் வரும். மூன்று முறை செய்தால் வேறுபாடு தெரியும்.

ஒரு அடிச் சதுரப் பாலிதீனைச் சுவரில் நான்கு புறமும் டேப்பால் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். உள்ளே வியர்த்தால் இன்னும் நேரமிருக்கிறது. வியர்க்காத நாள் வந்ததும் சுண்ணாம்பு ஒரு பங்கு, கழுவிய ஆற்றுமணல் மூன்று பங்கு சேர்த்துப் பூசலாம். கிளிஞ்சல் சுண்ணாம்பு என்றால் நீற்றி இரண்டு வாரமாவது ஊறவிட வேண்டும். கடல்மணல் கலந்தால் எடுத்த உப்பைத் திரும்பப் பூசுவதாகும். மேலே வெள்ளைச் சுண்ணாம்பு மூன்று கை; எமல்ஷன் வேண்டாம்.

அடுத்த அக்டோபரில், மழை தொடங்குமுன், ஏணி வைத்து இறவார வரிசையின் கம்பிகளை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்து, துரு ஏறியதை அன்றே மாற்றிவிட வேண்டும்.